தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

என் சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் படம் கிடையாது, சுரூபம் கிடையாது. நாலு வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு வரிசைத் தூண், ஆல்டருக்கு மேலே வளைவில் நீல எழுத்தில் ஒரு வசனம். ஆல்டருக்கு இருபுறமும் சுவரில் இரண்டு கறுப்புப் பலகைகள். அவற்றில் பொன்னிற எழுத்தில் பத்துக் கற்பனைகள். எந்த உருவத்தையும் செய்து வணங்காதே என்கிற இரண்டாம் கற்பனை இடதுபக்கப் பலகையில் இருந்தது. பலகையின் ஓரமெல்லாம் கொடியும் பூவும் வரைந்திருந்தார்கள். ஊரிலேயே பார்க்க அழகான பொருள் அந்தப் பலகைதான். உருவம் வேண்டாம் என்று சொன்ன பலகையையே ஆராதனை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா அந்தச் சபையின் உபதேசியார். நாசரேத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியை ஒட்டிய ஊர். பனையும் உடைமரமும்தான் கண்ணுக்குத் தெரியும். சேகர குரு மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஆராதனை, ஜெபக்கூட்டம், ஞாயிறு பள்ளி, சாவு வீட்டு ஜெபம் எல்லாம் அப்பாதான். வீட்டிலும் அவர் படம் மாட்ட விடமாட்டார். கடைக்காரர் கொடுக்கும் காலண்டரில் இயேசு படம் இருந்தால் அட்டையைப் பிரித்தெடுத்துவிட்டுத் தேதிக் கட்டை மட்டும் ஆணியில் தொங்கவிடுவார். "பாத்து வாரது விசுவாசம் இல்லல. கேட்டு வரணும்" என்பார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவருக்கு மிகவும் பிடித்த கருத்து அது.

கேட்பதற்கு வீட்டில் ஆச்சி இருந்தாள். அப்பாவைப் பெற்றவள். எழுத்து ஒன்றும் தெரியாது. விடிவதற்கு முன்னே திண்ணையில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டி முடைவாள். முடையும்போது கீர்த்தனை பாடுவாள். விரல் ஓலையை மடக்கும் வேகம்தான் தாளம். அறுபது எழுபது பாட்டு அவளுக்கு மனப்பாடம். பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒன்றும் பிசகாது. யார் எழுதியது என்று மட்டும் தெரியாது. "சாஸ்திரியார் பாட்டு" என்று அப்பா சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் எங்கள் சீமையில் பிறந்தவர்தான், 1774இல், திருநெல்வேலியில். பன்னிரண்டு வயதுப் பையனை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே சரபோஜி மன்னரின் சிநேகிதர் ஆனார். அவையிலும் இடம் கிடைத்தது. குறவஞ்சி கேட்டு வளர்ந்த ஊருக்குக் குறவஞ்சியிலேயே கிறிஸ்துவைச் சொன்னார். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தலைவன் கிறிஸ்து, தலைவி தேவமோகினி என்கிற திருச்சபை. குறத்தி வந்து குறி சொல்கிறாள். நடுவே கோள்கள் சூரியனைச் சுற்றும் கதையும் வருகிறது, அவர் படித்த வானசாஸ்திரம் அது. தொண்ணூறு வயதை நெருங்கும்வரை இருந்து 1864இல் மறைந்தார். அவர் பாட்டெல்லாம் ஓலைப்பெட்டி முடையும் கிழவியின் வாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்று இன்றைக்கும் யோசிப்பேன். புத்தகத்தின் வழியாக வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

லெந்து காலம் வந்தால் ஆச்சியின் பாட்டு மாறிவிடும். பாடுகளின் கீர்த்தனைகளை எடுப்பாள். இரண்டாவது சரணத்துக்குள் ராகம் கையை விட்டு நழுவி ஒப்பாரியாகிவிடும். சொல் கீர்த்தனையின் சொல்தான். இழுவை சாவு வீட்டு இழுவை. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை கோயிலில் ஏழு வார்த்தைகள் தியானம் நடக்கும். ஒரு வருஷம் அங்கேயும் அப்படித்தான் பாடினாள். சுற்றி இருந்த பெண்களும் மாரில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பிரசங்கம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார். "எம்மா, கோயில்ல ஒப்பாரி வைக்கக் கூடாது. அவரு உயிர்த்தெழுந்தவரு."

ஆச்சி பெட்டியின் விளிம்பைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "ஞாயித்துக்கிழமதான எந்திரிச்சாரு? வெள்ளிக்கிழம அவுக அம்மா வேற எப்டிய்யா அழுதிருப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. என் பெரியப்பா, ஆச்சியின் மூத்த பிள்ளை, பனையேறி. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு பங்குனி மாதம் மரத்திலிருந்து விழுந்து செத்தவர். ஆச்சி சிலுவையின் அடியில் நின்றுதான் அழுதாள் என்று இப்போது சொல்ல முடியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பங்குனி வந்தால் ஆச்சி குரல் மாறும் என்பதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மணப்பாட்டுப் பையன். ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கன். அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சுரூபம் கிடந்தது. நான் உபதேசியார் மகன். விடுவேனா? "ரெண்டாங் கற்பன தெரியுமால ஒனக்கு?" என்றேன். அவன் சளைக்காமல் இரண்டாவது கற்பனையைச் சொன்னான். அது தேவனுடைய நாமத்தை வீணாகச் சொல்லாதே என்பது. எங்கள் பலகையில் அது மூன்றாவது. கைகலப்பு வரை போனது. இரண்டு பேர் வீட்டு ஞானோபதேசப் புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். அவர்கள் உருவம் பற்றிய பகுதியை முதல் கற்பனையோடு சேர்த்து எண்ணுகிறார்கள். பத்துக்கு ஒன்று குறையும் அல்லவா? அதற்காக இச்சியாதே என்கிற கடைசிக் கற்பனையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரே மலையிலிருந்து இறங்கிய கற்பனைகளுக்கு இரண்டு கணக்கு! பதினாலு வயதில் இதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு வேறில்லை.

அந்த வருஷம், 1972, பெரிய வெள்ளிக்கு அவன் என்னை மணப்பாட்டுக்குக் கூப்பிட்டான். எங்கள் கோயிலில் மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேடும், அதன்மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலும், கீழே சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். எங்கள் புராட்டஸ்டண்ட் வேதம் வருவதற்கு வெகு முன்னால். அதுவும் அன்றைக்குத்தான் மனதில் தைத்தது.

இருட்டும் நேரம். கோயில் மணி அடிக்கவில்லை. வியாழக்கிழமை இரவிலிருந்து மணிக்கு நாக்குக் கட்டு. ஒரு பையன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போனான். 'டக், டக்' என்ற அந்த வறண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கோயிலுக்குள் ஆளுயரச் சிலுவை. அதில் தோள்மூட்டு மடங்கும்படி செய்த சுரூபம். வெள்ளை வேட்டி கட்டிய நாலு பேர் ஏணி வைத்து ஏறினார்கள். முள்முடியை எடுத்தார்கள். ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கீழே நின்ற பெரியவரின் கையில் விரித்த துணியில் வைத்தார்கள். கடைசி ஆணி வந்ததும் கை தொப்பென்று கீழே விழுந்தது. கோயில் முழுவதும் ஒரு மூச்சு. மரம் என்று தெரியும். பெயிண்ட் என்று தெரியும். அந்தக் கை விழுந்த விதம் மட்டும் மரம் விழுவது மாதிரி இல்லை.

ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வியாகுலப் பிரசங்கம் படிக்க ஆரம்பித்தார். அதை எழுதியவர் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, 1676இல் பிறந்தவர். அங்கே தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் எழுதியவர். பாக்குநீரிணையின் இரு கரையிலும் அவர் எழுத்து பரவியது. படிப்பது என்றால் படிப்பதில்லை, இழுத்துப் பாடுவது. தாய் மகனைப் பார்த்துக் கேட்கிற இடம் வந்தது. பெண்கள் கூடவே அழுதார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இழுவை ஆச்சியின் இழுவை. தேரிக்காட்டில் அப்பா நிறுத்தச் சொன்ன அதே ராகம் கடற்கரையில் யாரும் தடுக்காமல் பாடிக்கொண்டிருந்தது. கணக்கு வேறு, கோயில் வேறு, சாதி வேறு. மகன் செத்த வீட்டின் குரல் ஒன்று. நான் அழுதேன். வேதத்துக்காக நான் அழுத முதல் முறை அது. அதுவரை வசனங்களை ஒப்பித்துப் பரிசு வாங்கிய பையன் மட்டும்தான் நான்.

காலையில் வீட்டுக்குப் போனபோது அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சிறு ஊர், சைக்கிள் எந்தப் பக்கம் போனது என்று சொல்ல நாலு பேர் உண்டு. அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. "என்னல பாத்த?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கை விழுந்ததைச் சொல்லும்போது திரும்பவும் தொண்டை அடைத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ராத்திரி கஞ்சி குடித்து முடித்தபின் பெட்டியைத் திறந்து பழுப்புக் காகித அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்தார். 'இரட்சணிய யாத்திரிகம்'. அரிக்கன் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "உக்காரு. நமக்கும் உண்டு" என்றார்.

எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பில், வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தவர். கம்பனையும் ஆழ்வார்களையும் குடித்து வளர்ந்த பிள்ளை. 1853இல் எங்களுக்குப் பக்கத்துச் சாயர்புரத்தில் தமிழாசிரியராக வந்தார். ஐந்து வருஷம் கழித்துச் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இங்கிலாந்தில் சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த மோட்சப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் 'நற்போதகம்' பத்திரிகையில் தொடராக எழுதி, 1894இல் காவியமாக வெளியிட்டார். ஐந்து பருவம், மூவாயிரத்து எழுநூறுக்கு மேல் விருத்தம். நடுநடுவே தேவாரம் என்று பெயர் வைத்த பாடல்கள்.

அப்பா எடுத்தது பாடுகளைச் சொல்லும் இடம். பனியன் கதையில் சிலுவை வழியில் வருகிற ஓர் இடம். அங்கே யாத்திரிகனின் முதுகுச் சுமை தானாக அவிழ்ந்து உருண்டுபோகும், கதை மேலே நடக்கும். கிருஷ்ணபிள்ளையால் அப்படி நடந்துபோக முடியவில்லை. கதையை நிறுத்திவிட்டு, கெத்செமனே தோட்டத்திலிருந்து கல்லறை வரை முழுப் பாடுகளையும் பாடுகிறார். வழிப்போக்கன் சாவு வீட்டைக் கண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டது போல. அப்பா விருத்தத்தை ராகத்தோடு வாசித்தார். எனக்குப் பாதி சொல் விளங்கவில்லை. பதம் பிரித்துச் சொன்னார், மறுபடி வாசித்தார். அடித்தவர்களுக்காக அவர் வேண்டிக்கொள்ளும் இடத்தில் குரல் கம்மியது. விளக்குக் கண்ணாடியில் புகை ஏறியது. திரியைச் சின்னதாக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாத்தியால?"

கேட்டியா என்று கேட்கவில்லை. பாத்தியா என்றார். நானும் ஆமா என்றேன். படத்தைக் கிழித்தெறிகிற மனுஷன் புத்தகத்துக்குள்ளே படம் வைத்திருந்தார். அவருக்கு அது படமாகவே படவில்லை. திண்ணையோரம் படுத்திருந்த ஆச்சி, "ஏய்யா, அதத்தான நானும் பாடுனேன்" என்று சொன்னாள். அப்பா புத்தகத்தை மூடிவிட்டார்.

பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் படிக்கப் போனேன். அந்த மூன்று வருஷத்தில் விசுவாசம் போய்விட்டது. பெரிய வாதப் பிரதிவாதம் ஒன்றும் நடக்கவில்லை. செருப்பு தேய்ந்து ஒருநாள் காலில் இல்லாமல் போகுமே, அப்படி. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் தூங்கினேன். ஆனால் பாட்டு மட்டும் போகவில்லை.

இரண்டாம் வருஷம் எங்களுக்குக் காப்பியம் எடுத்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசும் ஐயா. 'தேம்பாவணி'யில் நாட்டுப் படலம் நடத்தினார். இத்தாலியில் 1680இல் பிறந்து, முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, 1726இல் 3,615 பாட்டில் காப்பியம் பாடியவர் வீரமாமுனிவர். அவர் வருணித்த யூதேயாவில் வயலும் வாய்க்காலும் இருக்கும். சூசைக்கு 'வளன்' என்று பெயர். மாணவன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "பாலஸ்தீனத்துல ஏதுங்கய்யா நெல்லு?" என்று கேட்டான். ஐயா சிரிக்கவில்லை. "அவர் பாலஸ்தீனத்தைப் பாத்ததில்ல தம்பி. ஏலாக்குறிச்சியைப் பாத்திருக்கார். கண்ணாலே பாத்த நெலத்திலதானே சாமியை நடக்க விடமுடியும்?" என்றார்.

அதே ஐயா கிருஷ்ணபிள்ளையும் நடத்தினார். எங்கள் அப்பா வாசித்த அதே இடம். விபூதி பூசிய அந்த மனிதர் நடுவிலே நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்பன் வீட்டுப் பிள்ளை சிலுவைக்கடியில நின்னு அழுறான். இதுல மதம் பாக்கிறவன் தமிழ் படிக்க வரவேண்டாம்" என்றார். வகுப்பில் நாற்பது பேர். அதில் பாடுகளை நம்பிப் பிறந்தவன் நான். கண் கலங்கியவர் அவர். கோயிலுக்குப் போகாத எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் படித்தேன். பாரதியார் மூன்றே செய்யுளில் இயேசுவைப் பாடியிருக்கிறார். உயிர்த்தெழுந்தவரைக் கண்ட மக்தலேனாவை அதில் அன்பின் உருவமாக்கிவிடுகிறார். கண்ணதாசன் தம் கடைசிக் காலத்தில் 'இயேசு காவியம்' எழுதினார். 1981 அக்டோபரில் அவர் போய்விட்டார்; புத்தகம் அதற்குப் பின்தான் வெளிவந்தது. எனக்கு அப்போது மதுரையில் பள்ளிக்கூட வேலை. முதல் சம்பளங்களில் ஒன்றில் அதை வாங்கி அப்பாவுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு. கிருஷ்ணபிள்ளை வேற" என்று இன்லண்ட் லெட்டரில் ஒரு வரி வந்தது.

பரீட்சைத் தாள் திருத்தச் சென்னைக்குப் போன ஒரு வருஷம் சோழமண்டலத்துக்குப் போனேன். மகாபலிபுரம் சாலையில், 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய ஓவியர் கிராமம். துணியில் பத்திக் வேலை செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிக் குடியேறியவர்கள் அவர்கள். அவர்கள் தலைமுறைச் சிற்பி பி.வி. ஜானகிராமின் வேலையை முதன்முறை பார்த்தது அந்தப் பயணத்தில்தான். செம்புத் தகட்டைச் சுத்தியால் அடித்து மேடு பள்ளமாக்கி, அதன்மேல் கம்பியை வளைத்துப் பற்றவைத்து உருவம் எடுப்பார். கோயில் உற்சவர்களுக்கு மேலே தகட்டுக் கவசம் சாத்துவார்களே, அந்தக் கைவேலையின் நினைவு அதில் இருக்கும். பிள்ளையாரையும் அப்படிச் செய்தார், கிறிஸ்துவையும் அப்படியே செய்தார்.

கிறிஸ்துவின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அழகான முகம் இல்லை. சுத்தி விழுந்த அடி ஒவ்வொன்றும் தெரிந்தது. தழும்பை மேலே வரையவில்லை; அடித்து அடித்து உருவத்தையே தழும்பிலிருந்து எடுத்திருந்தார். அப்பா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். வணங்கச் சொல்லும் உருவமாக அது எனக்குத் தெரியவில்லை. மணப்பாட்டில் விழுந்த கையும், அப்பா வாசித்த விருத்தமும், இந்தத் தகடும் செய்தது ஒரே வேலை. என் அறிவோடு பேசாமல் நேரே சாவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. உள்ளே போவதும் போகாததும் உன் இஷ்டம் என்று விட்டுவிட்டன. அந்த வருஷக் கடைசியில் மதுரையில் மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன்.

மதுரையில் இருந்ததால்தான் அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு ஐயரின் பாட்டைக் கேட்க வாய்த்தது. 'பரட்டை அண்ணன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கீர்த்தனை என்றால் உருகுகிற எனக்கு அவர் பாட்டு முதலில் எரிச்சலாக இருந்தது. பறையடியில் தாளம், வயலில் நடவு நடும் பெண்கள் பேசுகிற சொல், கும்மி, ஒப்பாரி. கர்நாடக ராகத்தில் கடவுளைப் பாடும்போது அந்த ராகத்தை யாருடையது என்று ஊர் நினைக்கிறதோ அவர்களுடைய கடவுளாக அவர் ஆகிவிடுகிறார், சேரியில் இருப்பவன் தன் குரல் கடவுளுக்கு ஆகாது என்று கற்றுக்கொள்கிறான் என்பது அவருடைய வாதம். எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு, அதுதான் திருவிருந்து என்று பாடினார். 2005இல் மறையும்வரை அதையே பாடினார்.

எரிச்சல் அடங்கியபின் கேள்வி என் பக்கம் திரும்பியது. நான் இத்தனை கொண்டாடும் வேதநாயக சாஸ்திரியார், தஞ்சைச் சபையில் புதிய மிஷனரிகள் சாதி வேற்றுமையை ஒழிக்கப் புகுந்தபோது அவர்களை எதிர்த்து எழுதியவர். அந்தப் பாட்டும் அந்த எழுத்தும் ஒரே கையிலிருந்து வந்தவை. பாட்டின் அழகு அந்தக் கணக்கைத் தீர்க்காது.

தஞ்சாவூர் வரை ஏன் போக வேண்டும்? எங்கள் ஊர்க் கோயிலில் தெற்குத் தெரு ஜனங்கள் கடைசியில், வலதுபக்கத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. பலகையில் பத்துதான் இருந்தது, இது பதினோராவது. என் சிறு வயது முழுக்க அந்தப் பொன்னெழுத்தைப் பார்த்த நான், ஒருநாளும் தலையைத் திருப்பி அந்தத் தூணைப் பார்த்ததில்லை. ஆச்சி ஒப்பாரி வைத்த அந்தப் பெரிய வெள்ளியன்று முதலில் சேர்ந்து அழுத குரல்கள் அங்கிருந்துதான் வந்தன என்பது மதுரையில் அந்தப் பறைச்சத்தத்தைக் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

ஆச்சி 1979இல் போய்விட்டாள். அப்பா 1998இல். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' என்னிடம் இருக்கிறது. பாடுகளின் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கும். ஓய்வு பெற்றதும் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். குருத்தோலை ஞாயிறுக்குப் பிள்ளைகளுக்கு ஈர்க்கை உரித்து ஓலையில் சிலுவை மடக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அது ஆச்சி கற்றுக்கொடுத்தது. படம் வேண்டாம் என்ற அப்பா, கதவு நிலையில் செருகியிருந்த அந்த ஓலைச் சிலுவையை மட்டும் வருஷம் முழுவதும் எடுக்கமாட்டார்.

சில வருஷங்களுக்கு முன்னால் கோயிலைப் புதுப்பித்தார்கள். பழைய பலகைகள் உளுத்துவிட்டன என்று கழற்றினார்கள். ஆல்டருக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் ஆறடி உயரத்துக்கு டைல்ஸ் பதிக்கலாம், அதில் இயேசு படம் அச்சடித்துக் கிடைக்கிறது என்று இளைஞர்கள் சொன்னார்கள். மாதிரிப் படத்தைக் கமிட்டியில் காட்டினார்கள். சிகாகோவில் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த முகத்தின் பேரப்பிள்ளை; பழுப்புத் தலைமுடி, பன்னீர் தெளித்தது போன்ற வெளிச்சம். முகத்தில் ஓர் அடி கூட விழுந்திருக்கவில்லை.

நான் வேண்டாம் என்றேன். "ஒங்கப்பா மாதிரியே பேசுதீங்களே சார்" என்று ஒரு தம்பி சிரித்தான். அப்பா மாதிரி இல்லை. கற்பனையைக் காட்டி நான் மறுக்கவில்லை. படத்தினால்தான் நான் கோயிலுக்குத் திரும்பினேன். ஆனால் இந்தப் படம் யாரையும் அழவைக்காது, யாரையும் எந்த வாசலிலும் நிறுத்தாது. பார்த்துவிட்டோம் என்ற திருப்தியை மட்டும் கொடுக்கும். ஒன்று, அடிபட்ட முகம் ஒன்றை வரையத் தெரிந்த ஒருவரை நம் பக்கத்திலிருந்து கூட்டிவாருங்கள். இல்லை, சுவரை வெள்ளையாகவே விடுங்கள், பாட்டு அதில் வரைந்துகொள்ளும் என்றேன். ஓட்டெடுப்பில் தோற்றேன். எனக்கு விழுந்தது மூன்று ஓட்டு. அதில் ஒன்று தெற்குத் தெரு அம்மா ஒருவருடையது. "எங்களுக்கு அங்க இருந்து எப்படியும் தெரியப் போறதில்ல சார்" என்று பிறகு சொன்னார்.

டைல்ஸ் பதித்தாகிவிட்டது. நல்ல வேலைப்பாடு, தினமும் துடைக்கிறார்கள். இப்போது யாரும் எங்கேயும் உட்காரலாம் என்கிறார்கள். ஆனாலும் அந்த அம்மாவும் அவர் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் பழைய இடத்துக்கேதான் போகிறார்கள். நானும் அங்கேதான் உட்காருகிறேன், வலதுபக்கத் தூணுக்குப் பின்னால். போன பெரிய வெள்ளியன்று ஐந்தாம் வார்த்தை முடிந்து பாடுகளின் கீர்த்தனை எடுத்தார்கள். இரண்டாவது சரணத்தில் அந்த அம்மா இழுத்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கிருந்து படம் தெரியாது. பாட்டு நன்றாகக் கேட்கும்.